சென்னை வெயிலில் முதல் கடல்மீன் தொட்டி: எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

கடல்மீன் தொட்டிக்கான உபகரணப் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஹீட்டர், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவி), விலையுயர்ந்த விளக்கு என்ற வரிசையில் அவை போகும். அந்த வீடுகளில் அறை 22 டிகிரியில் இருக்கும், குழாய்நீரில் உப்பு குறைவு, மின்சாரம் அபூர்வமாகத்தான் போகும். சென்னையில் மே மாதம் அறைக்குள்ளேயே 33 டிகிரி இருக்கும். போர்வெல் நீரின் டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்திருக்கும் பொருள்கள், மில்லிகிராமில்) பல தெருக்களில் ஆயிரத்தைத் தாண்டும். கோடையிலும் மழையிலும் மின்வெட்டு உண்டு. ஆகவே அதே பணத்தை இங்கே வேறு விதமாகப் பிரிக்க வேண்டும். முதலில் வெப்பம், அடுத்து தண்ணீர், அதற்கடுத்து மின்வெட்டு. இந்த மூன்றையும் தீர்த்த பிறகு மிஞ்சும் பணத்தில்தான் மற்றவை.

கீழே சொல்வதெல்லாம் பவளம் இல்லாத, கல்லும் மீனும் மட்டும் உள்ள தொட்டிக்கு. அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கல் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதானாலும் செத்து வெளுத்த எலும்புக்கூடானாலும் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். முதல் வருடத்தில் தண்ணீரை நிலையாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாலே போதும்.

எந்த அளவுத் தொட்டி

கடைகளில் வழக்கமாகக் கிடைப்பவை மூன்று. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சிறியது 42 லிட்டர். இரண்டடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை 127 லிட்டர். மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை 190 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையான நீரளவு முறையே 35, 100, 155 லிட்டர் அளவில் நிற்கும்.

சின்னதில் செலவு குறைவு என்று தோன்றும். ஆனால் ஆவியாதலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விசிறி ஓடும் திறந்த தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் போவது இங்கே சாதாரணம். தண்ணீர் போகும், உப்பு போகாது. 100 லிட்டரில் 2.5 லிட்டர் குறைந்தால் உப்பளவு (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு) 35இலிருந்து 35.9 ஆகும். மீனுக்கு அது தெரியவே தெரியாது. சின்னத் தொட்டியின் பரப்பு குறைவு என்பதால் ஒரு லிட்டர்தான் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், 35 லிட்டரில் அது 36 ஆகிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் 37. வெப்பமும் இதே கதைதான். நீர் குறைவாக இருந்தால் மதிய வெயிலோடு சேர்ந்து ஏறும், இரவு ஏ.சி.யோடு சேர்ந்து இறங்கும். இறந்த மீன் ஒன்று கல்லிடுக்கில் கிடந்தால் 35 லிட்டரில் அம்மோனியா ஒரே இரவில் ஆபத்தான அளவுக்குப் போகும்.

மூன்றடித் தொட்டி நிலையானதுதான். ஆனால் தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 260, 270 கிலோ வரும். குளிர்விக்கும் செலவும் ஒன்றரை மடங்கு ஆகும். முதல் தொட்டிக்கு இரண்டடித் தொட்டியையே சொல்வேன். கண்ணாடி 8 மி.மீ. இருக்கட்டும். மொத்த எடை 180 கிலோ அளவில் வரும் என்பதால் ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண இரும்பு ஸ்டாண்டில் உப்புத்துளி பட்டால் ஆறே மாதத்தில் வெல்டிங் மூட்டுகளில் துரு ஏறும். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு, அல்லது 710 தரக் குறியுள்ள மெரைன் பிளைவுட் எடுங்கள். கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் அல்லது ஃபோம் ஷீட் கட்டாயம். ஸ்டாண்டின் மேற்பலகை ஓரிடத்தில் மட்டும் தூக்கியிருந்தால் அடிக்கண்ணாடி அங்கேதான் விரியும்.

விசிறியா, சில்லரா, ஏ.சி. அறையா

பணம் இங்கேதான் அதிகம் போகும். அதிகமானோர் யோசிக்காமல் முடிவெடுப்பதும் இங்கேதான்.

கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 6.2தான். வெப்பம் ஏற ஏற மீனின் ஆக்சிஜன் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். இலக்காக 25 முதல் 27 வரை வைத்துக்கொள்ளலாம். மீன் மட்டும் உள்ள தொட்டியில் 28, 29 டிகிரி ஒரே நிலையாக இருந்தால் கோமாளி மீனும் டாம்சலும் தாங்கும். நம் கடல்களில் அவை வாழும் நீரே அந்த வெப்பத்துக்குப் போவதுண்டு. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நிற்பதுதான் கொல்லும். தினமும் 25க்கும் 31க்கும் இடையே ஊசலாடுவதும் அதே அளவு கெடுதல்.

விசிறி மண்பானை போல வேலை செய்கிறது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் அளவு வெப்பம் வெளியேறும். நாளைக்கு 2.5 லிட்டர் போனால், தொட்டியிலிருந்து சராசரியாக 70 வாட் வெப்பம் இடைவிடாமல் எடுக்கப்படுகிறது என்று பொருள். அதற்கு விசிறி தின்னும் மின்சாரம் ஐந்து வாட்.

ஆனால் விசிறிக்கு ஓர் எல்லை உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே அதனால் நீரைக் குளிர்விக்கவே முடியாது. நடைமுறையில் அதற்கு ஒரு டிகிரி மேலேயே நின்றுவிடும். சென்னையில் அறை 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 28. ஆகவே எத்தனை விசிறி வைத்தாலும் தண்ணீர் 29க்குக் கீழே வராது. மதுரையில் அறை 37 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 25தான். அங்கே அறை இன்னும் சூடாக இருந்தும் அதே விசிறி தண்ணீரை 26, 27க்குக் கொண்டுவந்துவிடும். திருச்சி, சேலம் போன்ற உள்மாவட்ட ஊர்களில் சில்லருக்கு (ஃப்ரிட்ஜ் போல நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கோடை முழுக்க விசிறியை ஓட்டிப் பாருங்கள். கடலோர ஊர்களில் விசிறி 29இல் தடுமாறும், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் 30ஐத் தொடும்.

சில்லர் ஈரப்பதத்தைப் பொருட்படுத்தாது. 100 லிட்டருக்குப் பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர் போதும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்தக் கணக்கு 30 டிகிரி அறைக்கு. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் 36 டிகிரி ஏறும் வீட்டில் அடுத்த அளவை எடுக்க வேண்டும். விலை, தொட்டியும் ஸ்டாண்டும் பம்புகளும் சேர்ந்த விலையைத் தாண்டும். மின்செலவைத் தோராயமாக இப்படிப் பார்க்கலாம். 150 வாட் சில்லர் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 1.5 யூனிட், இரண்டு மாத பில்லில் 90 யூனிட். வீட்டுக்கான இலவச யூனிட் அளவுக்கு மேலே ஏற்கனவே இருப்பவர்களுக்கு இது அடுத்த கட்டண அடுக்கைத் தொடக்கூடும்.

சில்லர் சரியாக வேலை செய்யாததற்கு முக்கியக் காரணம் அதை ஸ்டாண்டுக்குள் பூட்டி வைப்பது. தொட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தன் மோட்டார் வெப்பத்தையும் சேர்த்து அது அறைக்குள்தான் விடுகிறது. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் விட்டால் தன் சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு நிற்காமல் ஓடும். சுற்றிலும் ஓரடி இடம் விட்டு வெளியே வையுங்கள். தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். கட்டுப்பாட்டில் 27 என்று வைத்து, ஒரு டிகிரி இடைவெளி விடுங்கள். 24க்கு இறக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் பில் ஏறும்.

படுக்கையறை ஏ.சி.யை நம்பித் தொட்டி வைப்பது மூன்றிலும் மோசமான தேர்வு. இரவு எட்டு மணி நேரம் 24, பகல் முழுக்க 32 என்றால் அது தினசரி ஊசலாட்டம். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அலுவலகத்தில்கூட ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நான் பிரிப்பது இப்படி: கடலோர ஊரில், கீழ்த்தளத்தில், அறை 33ஐத் தாண்டாது என்றால் விசிறியோடு தொடங்கலாம். மாடி வீடு என்றால் சில்லருக்குப் பணம் சேரும்வரை தொட்டியைத் தள்ளிப்போடுங்கள். உள்மாவட்டங்களில் விசிறி. ஊட்டி, கொடைக்கானலில் மட்டும் ஹீட்டர்.

எதை எடுத்தாலும் உள்ளே விடும் வெப்பத்தைக் குறைப்பதுதான் மலிவான குளிரூட்டல். தண்ணீரில் மூழ்கிய பம்பு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் நீரில் வெப்பமாகவே சேரும். 40 வாட் ஏ.சி. (மாறுதிசை மின்சார) பம்புக்குப் பதில் அதே ஓட்டம் தரும் 15 வாட் டி.சி. (நேர்திசை மின்சார) பம்பு போட்டால் 25 வாட் மிச்சம். விசிறி எடுக்கும் 70 வாட்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். டி.சி. பம்பின் கூடுதல் விலை இந்த ஊரில் ஆடம்பரம் ஆகாது. கண்ணாடி மூடியும் வேண்டாம், ஆவியாதலையே தடுத்துவிடும். மீன் குதிக்காமலிருக்க மெல்லிய வலை கட்டிய சட்டம் போதும்.

தண்ணீர்: கேனா, ஆர்.ஓ.வா, கடற்கரையா

கடல்நீர் கடலிலேயே இருக்கிறதே என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். ராமேசுவரம், தூத்துக்குடி, மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு நியாயமான கேள்வி. சென்னைக்குப் பொருந்தாது. கூவமும் அடையாறும் கலக்கும் கரையோர நீரை எடுத்துவந்து மூடிய தொட்டியில் சுற்றவிட்டால் அதில் இருக்கும் எல்லாமும் உங்களோடு தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளவும் இறங்கிவிடும். மரக்காணம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் கடல்நீரை மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் போட்டு, நடுநிலைப்படுத்திப் பயன்படுத்துகின்றன. அந்த முறை இல்லாமல் வாளியில் மொண்டுவந்து ஊற்றுவது ஒட்டுண்ணிகளை வீட்டுக்கு அழைப்பது. 100 லிட்டர் என்றால் 100 கிலோவுக்கு மேல் சுமக்கவும் வேண்டும்.

ஆகவே செயற்கைக் கடலுப்பு. நிறுவனத்தைப் பொறுத்து லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் தேவைப்படும், பையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 100 லிட்டருக்கு 3.8 கிலோ. வாரம் பத்து லிட்டர் மாற்றினால் மாதம் ஒன்றரை கிலோ. சமையல் உப்போ கல்லுப்போ இதற்கு மாற்றாகாது. அவற்றில் கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எதுவும் சரியான விகிதத்தில் இல்லை.

உப்பைவிட முக்கியம் அதைக் கரைக்கும் நீர். நாலு வழி இருக்கிறது.

குழாய்நீரும் போர்வெல் நீரும் நேரடியாக வேண்டாம்.

இருபது லிட்டர் கேன் வசதிதான். ஆனால் அதன் டி.டி.எஸ். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்திலும் வாரத்துக்கு வாரம் மாறும். சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பவர்களும் உண்டு. தொட்டியை முதல்முறை நிரப்பக் கேன் பரவாயில்லை. தினசரி ஈடுசெய்யும் நீருக்கு வேண்டாம். மாதம் 80 லிட்டர் ஈடுசெய்வீர்கள். டி.டி.எஸ். 100 என்றால் மாதத்துக்கு 8 கிராம் கரைபொருள் 100 லிட்டரில் சேர்கிறது. உப்பளவில் அது தெரியாது. அதிலிருக்கும் நைட்ரேட்டும் சிலிகேட்டும்தான் முதலில் பழுப்புப் படலமாகவும் பிறகு நூல்பாசியாகவும் வெளியே வரும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஏற்கனவே இருந்தால் அதுதான் சிறந்த தொடக்கம், ஒரு நிபந்தனையோடு. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற திருகு இருக்கும். அது வடிகட்டாத நீரை ஒரு பங்கு கலந்துவிடும். கடைசியில் மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். குடிக்கும் குழாயிலிருந்து எடுத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். மெம்பரேன் தாண்டியதும் ஒரு டீ இணைப்புப் போட்டு அங்கிருந்து தனிக் குழாய் எடுங்கள், சர்வீஸ் செய்பவர் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார். அந்தக் குழாயில் மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் அடைத்த ஓர் உருளையைச் சேர்த்தால் டி.டி.எஸ். பூஜ்யத்துக்கு வரும். தனியாக முழு ஆர்.ஓ.டி.ஐ. அமைப்பு வாங்க வேண்டியதில்லை. வெளியே வரும் நீரின் டி.டி.எஸ். 3ஐத் தாண்டினால் ரெசின் தீர்ந்துவிட்டது. மெம்பரேன் பழசாகி டி.டி.எஸ். இரட்டிப்பானால் ரெசினும் இரு மடங்கு வேகத்தில் தீரும். ஆகவே ரெசினைத் திரும்பத் திரும்ப மாற்ற நேர்ந்தால் மெம்பரேனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் அடியில் செறிவு மிகுந்து கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும், படிந்தது திரும்பக் கரையாது. சின்னப் பம்பு போட்டுச் சுற்றவிட்டு, மறுநாள் அளந்து, தொட்டி வெப்பத்துக்கு வந்ததும் ஊற்றலாம்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யத் தானியங்கி மிதவை வால்வு வைத்தால் விடுமுறைக்குப் போகலாம். ஆனால் மிதவையில் உப்புப் படிந்து திறந்தபடியே சிக்கிக்கொள்ளும் நாள் வரும். அதனால் ஈட்டுநீர்க் குடம் பத்து லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பத்து லிட்டரும் ஒரேயடியாக இறங்கினாலும் உப்பளவு 31.8இல் நிற்கும், மீன் பிழைத்துக்கொள்ளும். இருபது லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்து வைத்தால் 29க்குப் போய்விடும்.

வடிகட்டியும் மின்வெட்டும்

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. கடல்தொட்டியில் உண்மையான வடிகட்டி கல்தான். அதன் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மற்ற உபகரணங்கள் நீரைக் கல்லுக்குக் கொண்டுசேர்க்கவும், குப்பையை எடுக்கவும், காற்றைக் கலக்கவும்தான்.

கேனிஸ்டர் ஃபில்டர் நன்னீர்த் தொட்டியிலிருந்து மாறி வருபவர்களின் முதல் தேர்வு. இங்கே அது வேண்டாம் என்பேன். மூடிய பெட்டி அது. மின்சாரம் போய் நான்கைந்து மணி நேரம் நீர் ஓடாமல் இருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் முழுவதும் மீன்களின் மேல் பாயும். வாரம் ஒருமுறை திறந்து கழுவாவிட்டால் நைட்ரேட் கிடங்காகவும் ஆகிவிடும்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே வைத்து நீரைச் சுற்றவிடும் இரண்டாவது தொட்டி, நல்ல ஏற்பாடு. கூடுதல் நீர், உபகரணங்களை மறைக்க இடம், காற்றுக் கலப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் நீர் கீழே இறங்கக் கண்ணாடியிலேயே துளையிட்ட தொட்டியில் மட்டும். விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் ஓவர்ஃப்ளோ பெட்டிகளில் மின்சாரம் போய் வரும்போது குழாயில் காற்று சிக்கி சைஃபன் அறுந்தால், கீழேயிருந்து பம்பு ஏற்றிக்கொண்டே இருக்கும், மேலேயிருந்து ஒரு சொட்டும் இறங்காது. சம்ப்பின் பம்பு அறை காலியாகும்வரை ஹாலில் உப்புநீர் ஓடும். தினம் இரண்டுமுறை மின்சாரம் போகும் ஊரில் இந்தச் சூதாட்டம் வேண்டாம். துளையிட்ட தொட்டியிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டடித் தொட்டியில் ஒரு செ.மீ. நீர் இறங்கினால் சுமார் 2.7 லிட்டர். பம்பு நின்றதும் திரும்பு குழாய் வழியே எவ்வளவு ஆழம்வரை பின்னோக்கி உறிஞ்சுமோ அவ்வளவுக்கும் சம்ப்பில் வெற்றிடம் இருக்க வேண்டும். திரும்பு குழாயில் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே சிறு துளை போட்டால் அதில் காற்று புகுந்து உறிஞ்சுதல் நின்றுவிடும். அந்தத் துளையை மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள், பாசி அடைத்துவிடும்.

பின்சுவருக்குள்ளேயே அறைகள் தடுத்த தொட்டியும் கிடைக்கிறது. கண்ணாடித் தொட்டி செய்பவரிடம் சொன்னால் நாலங்குல அகலத்தில் பின்புறம் மூன்று அறை தடுத்துத் தருவார். வழிந்தோட எதுவும் வெளியே இல்லை. பம்பு நின்றால் மட்டம் சமமாகி அப்படியே நிற்கும். காட்சிப் பகுதி கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான் இழப்பு. முதல் தொட்டிக்கு என் தேர்வு இது. முதல் அறையில் பஞ்சு, வாரம் இரண்டுமுறை கழுவ வேண்டும். நடு அறை எதிர்காலத்தில் ஸ்கிம்மர் வைக்க. கடைசியில் பம்பு.

ஸ்கிம்மர் இல்லாமல் கடல்தொட்டியே இல்லை என்பார்கள். 100 லிட்டரில் மூன்று சின்ன மீன், வாரம் பத்து லிட்டர் நீர்மாற்றம் என்றால் ஸ்கிம்மர் இல்லாமல் ஓட்டலாம். அந்தப் பணம் டி.சி. பம்புக்கோ சில்லருக்கோ போகட்டும். மீன் கூடினால், அல்லது நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க மறுத்தால் அப்போது வாங்குங்கள். வாங்கும்போது தொட்டி அளவைப்போல இரு மடங்குக்குக் குறித்ததை எடுங்கள். காற்றுக்கல்லில் ஓடும் மலிவு வகைகளை எடுக்காதீர்கள்.

நீரோட்டத்துக்கு வேவ்மேக்கர். மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் ஒன்றைவிட 1000 அல்லது 1500 லிட்டர் தள்ளும் இரண்டு நல்லது. எதிரெதிர் மூலைகளில் வைத்து மேற்பரப்பு சிலிர்க்கும்படி சாய்த்து விடுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று மீன்களைக் காப்பாற்றும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது ஸ்கொயர் வேவா சைன் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் ஏ.சி. காந்தப் பம்புகள் உறுமும், சூடாகும், சில அப்படியே நின்றுவிடும். அடாப்டரில் ஓடும் டி.சி. பம்புக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 150 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டு மின்விசிறி, இரண்டு மூன்று விளக்கு, அவற்றோடு 20 வாட் தொட்டி என்றால் நாலு மணி நேரம் தாங்கும். சில்லரை இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், மின்சாரம் போனதும் தானே ஓடத்தொடங்கும் பேட்டரி ஏர்பம்பு ஒன்றை முதல் நாளிலேயே மாட்டிவிடுங்கள். முழு அமைப்பிலும் விலைக்கு அதிகமாக வேலை செய்வது அதுதான்.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதில் பேரமே இல்லை. ஒயர்கள் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி மேலே ஏறும்படி வளையம் விடுங்கள். துளி அந்த வளையத்தில் சொட்டிவிடும், பிளக்குக்கு வராது.

கல், மணல், அளவுகருவி

பத்து முதல் பன்னிரண்டு கிலோ நுண்துளைக் கல் வேண்டும். ‘லைவ் ராக்’ என்று விற்பதில் நட்சத்திர வடிவக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால் அது பவள எலும்புக்கூடு, வாங்காதீர்கள். சுட்ட பீங்கான் கல், எரிமலைக்கல், சிமென்டில் வார்த்த கல் மூன்றும் சட்டச் சிக்கல் இல்லாதவை. பீங்கான் விலை கூட, ஆனால் அன்றைக்கே போடலாம். சிமென்ட் கல் மலிவு, வேண்டிய வடிவில் வீட்டிலேயே வார்க்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நன்னீரில் ஊறப்போட்டு நீரை மாற்றிக்கொண்டே வந்து, பி.எச். 8.5க்குக் கீழே நிலைத்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் சுண்ணாம்பு கசிந்து பி.எச். 9ஐத் தாண்டும். எரிமலைக்கல்லில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஒட்டுவதைத் தள்ளிவிடுங்கள்.

கடற்கரை மணலும் வேண்டாம். நம் கரையோர மணலில் கறுப்பாகத் தெரியும் கனிமத்துகள்களில் காந்தத்தில் ஒட்டுபவை உண்டு. அவை பம்பின் காந்த உருளையில் ஒட்டிக்கொண்டு அதை அரைத்தே தீர்த்துவிடும். அரகோனைட் (ஒருவகைக் கால்சியம் கார்பனேட்) மணல் இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் போதும்.

உப்பளவு பார்க்க ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மிக மலிவு. ஊசியில் காற்றுக்குமிழ் ஒட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நீங்கள் நன்னீர் ஊற்றி ஊற்றி நிஜ உப்பளவை இறக்கிக்கொண்டே போவீர்கள். ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஆனால் அதைத் தூய நீரில் பூஜ்யம் பார்த்து வைப்பது மட்டும் போதாது, 35இல் சரிபார்க்க வேண்டும். சமையலறைத் தராசில் 36.5 கிராம் தூள் உப்பையும் 963.5 கிராம் தூய நீரையும் எடைபோட்டுக் கலந்தால், அதன் ஒளிவிலகல் 35 உப்பளவுள்ள கடல்நீருக்குச் சமம். அதை ஒரு சொட்டு விட்டு 35இல் வருமாறு திருகைச் சரிசெய்யுங்கள்.

சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் சொட்டு வகையாக இருக்கட்டும். காகிதப் பட்டை வேண்டாம். கடல்நீரின் உயர்ந்த பி.எச்.சிலும் நம் வெப்பத்திலும் அம்மோனியாவின் நச்சுப் பங்கு கூடுதல் என்பதால், நன்னீர்த் தொட்டியில் தப்பித்த அளவு இங்கே தப்பாது.

விளக்கில் யோசிக்க ஒன்றுமில்லை. பவளம் இல்லாத தொட்டிக்கு வெள்ளையும் நீலமும் கலந்த 15, 20 வாட் எல்.இ.டி. போதும், நாளைக்கு ஏழு மணி நேரம். கூடுதல் வெளிச்சத்தால் பாசிக்குத்தான் லாபம்.

மீன் வருவதற்கு முன்னும் பின்னும்

தொட்டி நிரம்பியதும் டாம்சல் மீனை விட்டு, அதன் கழிவில் கல்லின் பாக்டீரியா பெருகும்வரை ‘ஓட்டுவது’ பழைய வழக்கம். மீனுக்குச் சித்திரவதை. பிழைத்தாலும் பிறகு வரும் மீன்களை விரட்டியே கொல்லும். அதற்குப் பதில் அம்மோனியம் குளோரைடு போடலாம், நவச்சாரம் என்று கடையில் விற்பதல்ல, ஆய்வகத் தரம். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் வேகம் கூடும். அதே அளவு போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் ஆனால் தொட்டி தயார். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காலத்தில் விசிறியின் திறன், ஆவியாகும் அளவு, மின்வெட்டில் நடப்பது எல்லாவற்றையும் மீன் இல்லாமலேயே பார்த்துவிடலாம்.

மீனில் தேர்வு இரண்டு: கடலில் பிடித்தது, பொரிப்பகத்தில் பிறந்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்யும் முறையை நிறுவிக் காட்டியிருக்கின்றன. அப்படிப் பிறந்த குஞ்சு தொட்டியிலேயே வளர்ந்தது, முதல் நாளே குருணை உணவு தின்னும், ஒட்டுண்ணியும் குறைவு. பிடித்துவந்த மீன் தின்னாமலேயே சாவதுண்டு. அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் விலைக்கு முன் இதைக் கேளுங்கள், உங்கள் எதிரில் குருணை போட்டுத் தின்னச் சொல்லுங்கள். நீல டாங் கால் மீட்டருக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. மாண்டரின் மீன் உயிருள்ள மிகச்சிறிய ஓட்டுயிர்களையே தேடித் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். கடல்குதிரை சட்டப் பாதுகாப்பில் உள்ளது.

காட்சித் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் (ஒட்டுண்ணியால் வருவது) வந்தால் தாமிர மருந்து போட முடியாது. கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், இறாலும் நத்தையும் சாகும். அதனால் முன்பு தள்ளிவிட்ட 42 லிட்டர் தொட்டி இப்போது தேவைப்படும். கல், மணல் எதுவும் இல்லாமல், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் மறைவுக்கு இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டும் போட்டால் அதுதான் தனிமைத் தொட்டி. ஸ்பான்ஜை ஆறு வாரமும் பெரிய தொட்டியிலேயே போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா அதில் ஏறியிருக்கும். முதலில் இரண்டு கோமாளிக் குஞ்சுகள், ஒன்று சற்றுப் பெரிதும் ஒன்று சிறிதுமாக. நாலு வாரம் தனிமைத் தொட்டியில் தின்று தெளிவாக நீந்தினால் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மூன்றாவதாக ஒரு கோபி மீன் வேண்டுமென்றால் அதே நாலு வாரத் தனிமை அதற்கும் உண்டு. பெரிய தொட்டியில் அதற்குள் அம்மோனியா ஒருமுறைகூடத் தென்படாமலும், நைட்ரேட் 20க்குள்ளும் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.